கோட்டுக்குள் நிற்காத மோட்டார்ஹோம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

ஃபோர்ட் ஸ்டாக்டனைத் தாண்டி ஐ-10 சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். டெக்சஸின் அந்தப் பக்கம் சாலை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இருக்கும். வேக வரம்பு 80 மைல். நான் 58-இல் போய்க்கொண்டிருந்தேன், அதற்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. "என்னங்க, தூக்கமா? மறுபடியும் கோட்டை மிதிக்கிறீங்க" என்றாள் மனைவி. தூக்கமெல்லாம் இல்லை, வண்டிதான் நிற்கவில்லை. இடது பக்கம் துளி திருப்பினால் ஒன்றும் நடக்காது. இன்னும் துளி திருப்பினால் தேவைக்கு மேல் போய்விடும். உடனே வலது பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க இதே கதை. ராத்திரி இறங்கியபோது தோள்பட்டை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் நாலு நாள் முன்னால்தான் வீல் அலைன்மென்ட் பார்த்து, "எல்லாம் பச்சை" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள். அந்தப் பச்சைத் தாளோடு எனக்கு நடந்த சண்டையில் கற்றதுதான் இது.

என்னுடையது ஃபோர்டு இ-450 சேசிஸ் மேல் கட்டிய 28 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம், அதாவது கட்டில், சமையலறையோடு ஓடும் வீடு. டிரைவர் தலைக்கு மேல் கட்டில் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த ரகம். முன்பக்கம் ட்வின் ஐ-பீம். ஃபோர்டு 1965-லிருந்து தன் டிரக்குகளில் போட ஆரம்பித்த அமைப்பு. ஒரே அச்சுக்குப் பதில் இரண்டு பீம். வலது சக்கரத்தின் பீம் சேசிஸின் இடது பக்கத்தில் மாட்டியிருக்கும், இடது சக்கரத்தினுடையது வலது பக்கத்தில். ஒவ்வொரு பீமையும் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள ரேடியஸ் ஆர்ம் என்று ஒரு கை பின்னோக்கிப் போய் சேசிஸில் ரப்பர் புஷ் வைத்து நிற்கும். இந்த அமைப்பின் குணம் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முன் ஸ்பிரிங்கின் உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். பாரம் ஏறி முன்பக்கம் இறங்கினால் சக்கரங்களின் தலை உள்ளே சாயும். பாரம் குறைந்து எழும்பினால் தலை வெளியே சாயும். பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

பஸ் மாதிரி இருக்கும் பெரிய கிளாஸ் ஏ வண்டிகள் பலவற்றில் வரும் ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் முன்னால் ஒற்றை அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். அறிகுறிகள் அதிகம் மாறாது. சரி செய்யும் வழி சில இடங்களில் மாறும். மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் மாதிரி, ஸ்டியரிங் பாக்ஸுக்குப் பதில் பல்சட்டம் வைத்த ரேக் ஸ்டியரிங் உள்ள வண்டிகளுக்குக் கீழே ஸ்டியரிங் பாக்ஸ் பற்றிச் சொல்வது எதுவும் பொருந்தாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் எடைமேடை

ஸ்பானரைத் தொடும் முன் எடை பாருங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் அச்சு தனி, பின் அச்சு தனி என்று சீட்டு வரும். பயணத்துக்குப் போகிற மாதிரியே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர், கேஸ், பெட்ரோல், சமையல் சாமான், உட்காரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து.

என் சீட்டில் முன் அச்சு 3,260 பவுண்டு, பின் அச்சு 9,480. மொத்தத்தில் கால் பங்குதான் முன்னால். ஸ்டியரிங் என்ன செய்யும் பாவம்? ரோட்டை அழுத்திப் பிடிக்கப் பாரமே இல்லை.

எங்கே போயிற்று அந்தப் பாரம்? பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிற ஒவ்வொரு சாமானும் முன்பக்கத்தைத் தூக்குகிறது, சீசா பலகை மாதிரி. கணக்கு சுலபம்: பாரத்தைப் பின் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரத்தால் வகுத்தால் முன்னால் எவ்வளவு குறைகிறது என்று வந்துவிடும். என் சைக்கிள் ரேக், மூன்று சைக்கிள், ஒரு பெட்டி எல்லாம் சேர்ந்து 300 பவுண்டு. பின் அச்சுக்கு 130 அங்குலம் பின்னால். அச்சுகளுக்கு இடையே 190 அங்குலம். வந்தது 205 பவுண்டு! பின் கட்டிலுக்கு அடியில் 40 கேலன் தண்ணீர்த் தொட்டி வேறு. நிரப்பினால் அது 330 பவுண்டுக்கு மேல். ரேக்கைக் கழற்றி, தண்ணீரை மூன்றில் ஒரு பங்காக்கி மறுபடி மேடை ஏறினேன். முன் அச்சு 3,540, பின் அச்சு 8,680. காசே செலவில்லாமல் பாதி அலைச்சல் போனது.

அடுத்தது காற்று. எனக்கு விற்றவர் ஆறு டயரிலும் 80 பிஎஸ்ஐ அடித்து வைத்திருந்தார், டயர் ஓரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று. அது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச பாரத்துக்கான காற்று. இந்த வண்டிகளில் வரும் எல்டி 225/75ஆர்16, லோட் ரேஞ்ச் இ டயர் ஒற்றையாக 80 பிஎஸ்ஐயில் 2,680 பவுண்டு தாங்கும். என் முன் டயர் ஒவ்வொன்றிலும் இருந்தது 1,630. கல்லு மாதிரி நின்ற டயரின் நடுப்பட்டை மட்டும் ரோட்டைத் தொட்டால் வண்டி அலையாமல் என்ன செய்யும்? கதவோர ஸ்டிக்கரையும் டயர் கம்பெனியின் பாரம்-காற்று அட்டவணையையும் பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் முன்னால் 65-இல் நிறுத்தினேன். பின்னால் குறைக்கவில்லை, அங்கே பாரம் நிஜமாகவே இருக்கிறது. காலையில், டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

டயரின் வயதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஓரத்தில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு இலக்கம்: 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட நின்றே கிழடாவதுதான் அதிகம்.

"நேர் ரோட்டிலேயே அலையுது"

எடையும் காற்றும் சரியான பிறகும் அலைந்தால் ஆட்டத்தைத் தேட வேண்டும். ஊர் லாரி பட்டறையில் "ப்ளே" என்பார்களே, அதுதான். வண்டி தரையில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் பார்க்கில், எஞ்சின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் நாலு விரல்கடை மட்டும் ஆட்ட வேண்டும், முழுசாகத் திருப்பக் கூடாது. நீங்கள் பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள், சக்கரத்துக்கு முன்னாலோ பின்னாலோ அல்ல. ஸ்டியரிங் ஷாஃப்ட், ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து நீளும் பிட்மன் ஆர்ம் என்ற கை, அந்தக் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் டிராக் லிங்க், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு என்று வரிசையாக வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையத் தாமதிக்கிற மூட்டு எதுவோ அதுதான் திருடன். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் மூட்டின் மேல் விரலை வையுங்கள். "டொக்" என்று விரலுக்குத் தெரியும். பாக்ஸ் சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டுகளையும் விடாதீர்கள்.

மூட்டெல்லாம் சுத்தம், ஆனால் ஸ்டியரிங் பாக்ஸிலேயே ஆட்டம் என்றால் பலர் உடனே செய்வது பாக்ஸ் தலையில் உள்ள ஸ்க்ரூவை இறுக்குவது. யாராவது "கால் சுற்று போடுங்க, ஜம்முன்னு ஆயிடும்" என்பார். ஆகாது. கொஞ்சம் கூடினாலும் நேராக நிற்கும் இடத்திலேயே பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி முன்பைவிட அதிகமாக அலையும், அதுவும் வேறு தினுசாக. சேசிஸ் புத்தகத்தில் சொன்ன முறைப்படி திருகுவிசை அளந்து செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஆட்டமே இல்லை என்றால் காஸ்டர். பச்சைத் தாள் எனக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைப் பாருங்கள். தண்டு முன்னால், சக்கரம் ரோட்டைத் தொடும் இடம் பின்னால். அதனால் தள்ளும் திசையில் தானாக நேராகிறது. வண்டியின் முன் சக்கரம் திரும்புகிற அச்சையும் அதே காரணத்துக்காகத்தான் மேல்பக்கம் பின்னால் சாய்த்து வைக்கிறார்கள். அந்தச் சாய்வு காஸ்டர். சாய்வு கூடினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரத் துடிக்கும். குறைந்தால் எங்கே விட்டோமோ அங்கேயே கிடக்கும். மோட்டார்ஹோமில் பின்பக்கம் பாரத்தில் அமுங்கினால் சேசிஸே முன்னால் தூக்கிக்கொள்ளும். கோணங்கள் எல்லாம் ரோட்டைப் பொறுத்து மாறிப்போகும். எனவே பாரத்தோடு அளக்காத காஸ்டர் வெறும் எண்.

என் தாளில் இடது 2.6 டிகிரி, வலது 2.9. இரண்டும் கம்பெனி சொன்ன எல்லைக்குள், ஆகவே பச்சை. அந்த எல்லை ஆம்புலன்ஸுக்கும் டெலிவரி வண்டிக்கும் மோட்டார்ஹோமுக்கும் பொது. கடைக்காரரிடம் கூட்டித் தரச் சொன்னேன். "இதில் அட்ஜஸ்ட் பண்ண ஒன்றும் இல்லை சார், டோ மட்டும்தான்" என்றார். டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த முன் அச்சில் மேல் பால் ஜாயின்ட்டை, அதாவது சக்கரம் திரும்புகிற குண்டு மூட்டை, சுற்றி ஒரு புஷ் இருக்கும். கம்பெனியிலிருந்து வருவது நடுவில் துளையிட்டது, திருப்பினாலும் ஒன்றும் மாறாது. துளை ஓரமாக இருக்கிற புஷ் வேறு வேறு அளவில் தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்டுத் திருப்பி வைத்தால் காஸ்டரும் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) சேர்ந்து மாறும். இரண்டையும் ஒரே புஷ்ஷில் சமாளிப்பது கொஞ்சம் பேரம் பேசுகிற வேலை.

கடைசியில் செமி டிரக்குகளுக்கு, அதாவது டிரெய்லர் இழுக்கும் பெரிய லாரிகளுக்கு, அச்சு பார்க்கும் ஒரு கடையில் வேலை முடிந்தது. அங்கிருந்த பெரியவர் முதலில் கேட்டதே "தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கு?" என்றுதான். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இடது 4.8, வலது 5.1-இல் வைத்தார். இ-450 வைத்திருக்கும் பலர் 5 டிகிரியைச் சுற்றித்தான் நிறுத்துகிறார்கள். மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் சற்றுக் கனமாகத் தெரிகிறது; அதற்கு நான் சந்தோஷமாகச் சம்மதம். எஃப்-53 மாதிரி பட்டை ஸ்பிரிங் அச்சில் இதே வேலைக்குப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைப்பார்கள்.

"திருப்பத்துக்கு அப்புறம் ஸ்டியரிங் திரும்பி வரல"

காஸ்டர் குறைவு, அல்லது எங்கோ பிடிக்கிறது. பிரித்துப் பார்க்க வழி: முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, டிராக் லிங்க்கைக் கழற்றிச் சக்கரங்களைக் கையால் திருப்புங்கள். கனமாக இருந்தால் பால் ஜாயின்ட் காய்ந்துவிட்டது. லேசாக இருந்தால் குற்றம் பாக்ஸிலோ மேலே ஷாஃப்ட்டின் மூட்டிலோ. முன்னால் யாரோ அந்த ஸ்க்ரூவை இறுக்கியிருக்கலாம் என்பதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு பக்கமா இழுக்குது"

முதலில் ரோட்டைச் சந்தேகப்படுங்கள். மழைநீர் வடிய ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கும். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் வண்டி வலப்பக்கம் ஒழுகும், ஊரில் இடப்பக்கம். லேசாக ஒழுகினால் அது நோய் அல்ல. என் இடது காஸ்டரை அந்தப் பெரியவர் 0.3 குறைத்து வைத்ததும் இதற்காகத்தான். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி சாயும், ரோட்டின் சரிவுக்கு அது ஈடாகும்.

மட்டமான இடத்திலும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய அம்புக்குறி டயர் என்றால் வேண்டாம்). இழுப்பு பக்கம் மாறினால் டயர்தான். மாறாவிட்டால் பத்து மைல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு முன் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிப்பர் நன்றாக இருந்தும் அப்படியானால் பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊறி அடைத்திருக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். இதெல்லாம் இல்லை என்றால்தான் கோணத்துக்கு வர வேண்டும். கேம்பர் எந்தப் பக்கம் கூடுதலாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும்.

"லாரி தாண்டினா தள்ளிவிடுது"

பெரிய லாரி இடப்பக்கம் நெருங்கும்போது அதன் மூக்கு தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் உங்கள் வாலில் மோதும். வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம், லாரியை நோக்கியே, திரும்பும். லாரி முழுசாகத் தாண்டும்போது உறிஞ்சல் வேறு. இந்த உருவத்துக்குக் கொஞ்சம் தள்ளுவது இயற்கை. ஆனால் தள்ளிய பிறகு இரண்டு மூன்று தடவை வால் ஆடினால் குற்றம் முன்னால் இல்லை, பின்னால். பின் அச்சைப் பட்டை ஸ்பிரிங் மட்டும்தான் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. புஷ் நைந்து பட்டை வளைந்தால் உடம்பு அச்சின் மேல் இடம் வலமாக நகரும், வண்டியைப் பின்னாலிருந்து ஓட்டுகிற மாதிரி. புஷ்களை மாற்றி, அச்சிலிருந்து சேசிஸுக்குக் குறுக்கே ஒரு டிராக் பார் போட்டால் அந்த நகர்வு நின்றுவிடும். உடம்பு சாய்ந்தாடுவது தனி விஷயம், அதற்குத்தான் ஆன்டி ஸ்வே பார். பலர் சாய்வுக்கான மருந்தை வாங்கிப் போட்டுவிட்டு வால் ஆடுகிறதே என்று புலம்புவார்கள்.

முன் அச்சில் பாரம் குறைவாக இருந்தால் இந்தத் தள்ளல் இரட்டிப்பாகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

"பிரேக் போட்டா ஒரு பக்கம் பாயுது"

ரேடியஸ் ஆர்மின் பின்முனை ரப்பர் புஷ். அது நைந்திருந்தால் பிரேக் போடும்போது அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் நகர்ந்துவிடும், பிரேக்கை விட்டால் பழைய இடத்துக்கு வரும். நிறுத்தி வைத்து அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். நண்பரை ஊர்கிற வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பிரேக் போடச் சொல்லி, எட்ட நின்று புஷ்ஷைப் பாருங்கள். இடைவெளி விரிந்து மூடுவது தெரியும். புஷ் சரியாக இருந்தால் மேலே சொன்ன காலிப்பர் வேலை.

"55 மைலில் கை நடுங்குது"

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, தாண்டினால் குறைந்தால் வீல் பேலன்ஸ். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயர் தட்டையாகி முதல் சில மைல் நடுங்குவது தானே சரியாகும். பள்ளத்தில் விழுந்ததும் ஆரம்பித்து, வேகம் குறைக்கும் வரை நிற்காமல் ஸ்டியரிங் படபடவென்று அடித்தால் பால் ஜாயின்ட்டிலோ டை ராடிலோ ஆட்டம். வண்டியை அன்றே ஓரங்கட்டுங்கள். இங்கே ஸ்டியரிங் டேம்பரை மாற்றச் சொல்வார்கள். புது டேம்பர் நடுக்கத்தை அமுக்கிவிடும், தேய்ந்த மூட்டு அடியில் தேய்ந்துகொண்டே இருக்கும்.

"டயர் ஒரு பக்கமா தேயுது"

உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. ட்வின் ஐ-பீமில் அதற்கு முதல் காரணம் அலைன்மென்ட் அல்ல, களைத்துப்போன முன் ஸ்பிரிங். புது ஸ்பிரிங் போட்ட பிறகுதான் கோணத்தைத் தொட வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் ஒன்று உண்டு, அதைக் கையால்தான் பார்க்க வேண்டும். டயர் மேல் உள்ளங்கையை வைத்து வெளிஓரத்திலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் ரம்பம் மாதிரி நெருடினால் டோ தப்பு. உள்ளிருந்து வெளியே வரும்போது நெருடினால் சக்கரங்களின் முன்பக்கம் அதிகமாக உள்ளே பார்க்கின்றன, டோ-இன். எதிர்ப்பக்கம் நெருடினால் டோ-அவுட். அப்போது ரோட்டிலும் வண்டி துறுதுறுவென்று இருக்கும்.

டோவை வீட்டிலேயே அளக்கலாம். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயர் நடுவில் சுற்றிலும் சாக்பீஸால் பட்டையாகப் பூசுங்கள். ஒரு மரக்கட்டையில் ஆணி அடித்து, கட்டை நகராமல் டயருக்கு எதிரே வைத்து, ஆணி முனை சாக்பீஸைத் தொடும்படி சக்கரத்தைச் சுற்றினால் மெல்லிய கோடு ஒன்று விழும். இரண்டு சக்கரத்துக்கும் இப்படி. வண்டியை இறக்கி, அச்சு உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று டேப்பால் அளக்க வேண்டும். முன்பக்கம் 1/16 அங்குலம் குறைவாக இருந்தால் இந்த டயர் அளவுக்கு அது ஏறக்குறைய 0.12 டிகிரி டோ-இன், என் வண்டி அதில்தான் ஓடுகிறது. உங்களுடையதற்குச் சேசிஸ் புத்தகம் சொல்வதைப் பாருங்கள்.

இறக்கிய கையோடு மட்டும் அளந்துவிடாதீர்கள். ட்வின் ஐ-பீமை ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்களின் தலை வெளியே சாய்ந்து அடி உள்ளே வந்துவிடும், இறக்கினாலும் டயர் ரோட்டில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் உருட்டி, முன்னால் உருண்டுவரும்போதே தானாக நிற்க விட்டு அளக்க வேண்டும். முதல் தடவை நான் அதைச் செய்யாமல் அளந்து, இல்லாத கோணலைச் சரி செய்யப் போய், டோவை மாற்றும் டை ராடு ஸ்லீவை ஒன்றரைச் சுற்றுத் திருப்பி வைத்திருந்தேன்.